பங்குக் கிணறும் இரண்டு மோட்டர்களும்

பெப்ரவரி 19, புதன்

ஊர்காவற்றுறைக் கிளினிக்கில் அரை நாள் போயிற்று. பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வந்தால் கிணற்றடியில் சுஜிதன். போனை ஒரு தடியின் நுனியில் செருகிக் கிணற்றுக்குள் நீட்டியபடி பேசிக்கொண்டிருக்கிறான். கிணற்றுக்குள் இரண்டு தவளைகளைத் தவிர வேறு யாரும் இல்லை.

"என்ன, ஏதும் விழுந்துபோச்சோ?" என்றேன்.

"லைவ் போகுது ரீச்சர். உங்கட கிணத்தில அங்கால இருந்து எத்தினை பேர் அள்ளுகினம்?"

"தாகம் எடுக்கிறவை எல்லாரும்."

"ஒரு கணக்குச் சொல்லுங்கோ. சனம் அறியவேணும்."

அங்கால என்பது கரைப்பக்கம். மீன்பிடிக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள். எங்கள் பக்கம் தோட்டம், பனை, பென்சன், வெளிநாட்டிலிருந்து வருகிற காசு. இடையில் ஒரு ஒழுங்கை, ஒடுங்கிய மண் பாதை. ஆட்டுக்குட்டி ஒரு பாய்ச்சலில் தாண்டும். சுஜிதன் அதை இன்று "எல்லை" என்றான்.

ஒன்பதாம் வகுப்பில் நான் கேள்வியை முடிக்குமுன்னே கை தூக்குகிற பிள்ளை அவன். பதில் தெரியாது. ஆனால் அதற்குள் வகுப்பு முழுக்க அவனைத்தான் பார்க்கும், அவனுக்கு அது போதும். இப்போது அதையே தொழிலாக்கி, "ஊர்க்கண்" என்று ஒரு சானல் வைத்திருக்கிறான். பிரதேச சபைத் தேர்தலிலும் நிற்கப் போகிறானாம்.

தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். அந்தத் தண்ணீரைக் குடிக்க யாருக்கு உரிமை என்று கேட்காமலே குடித்துவிட்டுப் போனான்.

பெப்ரவரி 21, வெள்ளி

அந்த வீடியோவை எனக்கு முதலில் அனுப்பியது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற தம்பி பரராசா. என் வளவில் எடுத்தது உலகத்தைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வருகிறது. தலைப்பு: "எங்கட கிணறு, ஆர் குடிக்கினம்?"

பத்தாயிரத்துக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். இந்த ஊரில் ஆடு, கோழி, காகம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. சூரிச்சிலிருந்து ஒருவர் "இனியும் பொறுக்கேலாது" என்று எழுதியிருக்கிறார். இவ்வளவு நாளும் எதைப் பொறுத்துக்கொண்டிருந்தாராம்? லண்டனிலிருந்து இன்னொருவர்: "ரீச்சர் விலைபோயிட்டா." கரைப்பக்கத்து மேரிசுகந்தி இடைக்கிடை கொண்டுவந்து தருகிற ஒரு கை திரளி மீன்தான் என் விலை என்றால், மலிவாகத்தான் போயிருக்கிறேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

பரராசா போனில் கதைத்தான்.

"அக்கா, நீங்கள் அங்க தனிய இருக்கிறியள். உங்கட நல்ல மனசை அவை பாவிக்கினம்."

"அவை எண்டால் ஆர்?"

"அவைதான்."

"அவைக்குப் பெயர் இருக்கு தம்பி. மேரிசுகந்தி, எமிலியானுஸ். அம்மா செத்தபோது உனக்கு வர ஏலாமல் போச்சு. பந்தல் போட்டவர் எமிலியானுஸ்."

"அது வேற அக்கா."

வகுப்பில் செய்வதுபோல ஒரு எடுத்துக்காட்டில் பிடித்தேன். "உன்ர றோட்டில எத்தினை நாட்டுச் சனம் இருக்கு? எல்லாற்ற குழாயிலயும் ஒரே ஏரித் தண்ணிதானே?"

"ஓம்."

"இவங்கள் வந்து எங்கட தண்ணியைக் குடிக்கிறாங்கள் எண்டு உன்னைப் பார்த்து ஆரும் சொன்னால்?"

"சொல்லுறாங்கள்தான். போன கிழமையும் ஒருத்தன் காருக்குள்ள இருந்து, திரும்பிப் போ எண்டு கத்தினவன்."

"அப்ப?"

"அது வேற."

நெருக்கினால் அவன் போய் நிற்கிற இடம் அதுதான். யாரோ ஒருவன் காரிலிருந்து எறிந்ததைப் பொறுக்கியெடுத்து, துடைத்து, கடல் கடந்து மேரிசுகந்தியின் தலையில் போடுகிறான். படித்தவன். என் தம்பி.

மார்ச் 2, ஞாயிறு

எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் தெரியாது என்று சொல்லக்கூடாது.

எங்களுடையது பங்குக் கிணறு. காணி உறுதிப்படி எனக்கு ஒரு பங்கு, பரராசாவுக்கு ஒன்று, பக்கத்து வளவு ஆழ்வாப்பிள்ளை அண்ணைக்கு ஒன்று. கரைப்பக்கத்துக்குப் பங்கு இல்லை, பழக்கம் மட்டும்தான். அப்பா காலத்தில் அவர்கள் படலைக்கு வெளியே நிற்பார்கள், எங்கள் வீட்டு ஆள் ஊற்றிக் கொடுக்கும். எல்லோரும் ஒரே அகதி முகாமில் ஒரே வரிசையில் நின்றுவிட்டு ஊருக்குத் திரும்பியபோது அந்த வழக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. யாரும் அதைத் தேடவும் இல்லை. அவரவர் வாளி, அவரவர் கை.

இந்தத் தீவில் நிலத்துக்கு அடியில் இருப்பது கடல். மழைத் தண்ணீர் அதன்மேல் படிந்து கிடக்கிறது, ஆறிய பாலின் மேல் ஆடை மாதிரி. மெல்ல ஒதுக்கினால் ஆடை வரும். அகப்பையை ஆழப் போட்டால் பால்தான் வரும். அதனால்தான் காலையில் அள்ளினால், பின்னேரம் வெயில் தாழும்வரை யாரும் வாளி போடுவதில்லை. கிணறு இளைப்பாறட்டும் என்பார்கள். இது படிப்பில் வருகிற விஷயம் இல்லை. பல்லு முளைத்த நாளிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

மார்ச் 9, ஞாயிறு

ஆழ்வாப்பிள்ளை அண்ணை வீட்டு விறாந்தையில் கூட்டம். போனுக்குள் பரராசா. நடுவில் சுஜிதன், கதிரையில் உட்காராமல் நின்றுகொண்டு.

தீர்மானம்: கனடாக் காசில் பெரிய மோட்டர், தாங்கி, எங்கள் பக்கத்து வீடுகளுக்குக் குழாய். வளவுப் படலைக்குப் பூட்டு.

உப்பு ஏறிவிடும் என்றேன். பாலாடையைச் சொன்னேன். ஆழ்வாப்பிள்ளை அண்ணை தலையாட்டினார். "தெரியும் பிள்ளை. கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார்.

"மூண்டில ரெண்டு பங்கு சம்மதிச்சிட்டுது. இது மக்கள் தீர்ப்பு ரீச்சர்" என்றான் சுஜிதன்.

"ரெண்டு பேர். அதில ஒருத்தர் கனடாவில."

"மக்கள்தானே."

போனுக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது. ஒரே ஒரு சோடிக் கை.

மார்ச் 17, திங்கள்

மேரிசுகந்தி தண்ணீர்க் கானோடு வந்து படலையில் நின்றாள்.

"ரீச்சர் பூட்டினனீங்களோ?"

"நான் பூட்டேல்லை."

"பூட்டின்ர திறப்பு ஆரிட்ட?"

"ஆழ்வாப்பிள்ளை அண்ணையிட்ட."

"அப்ப நீங்கள் என்னெண்டு அள்ளுறது?"

"குழாயில வருகுது."

குழாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சந்தோசம் ரீச்சர்" என்றாள். வெறுங்கானோடு போனாள்.

நான் பூட்டேல்லை. எவ்வளவு வடிவான வசனம். குழாயைத் திறந்து முகம் கழுவினேன், கழுவும்போது அந்த வசனம் வாயிலேயே கிடந்தது. அதைத் துப்பினால்கூட வாயை அந்தக் குழாய்த் தண்ணீரில்தான் கொப்பளிக்க வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

என்னோடு படிப்பித்த ஜெனீற்றா இப்போது பாரிசில் மகனோடு இருக்கிறாள். கரைப்பக்கத்தைச் சேர்ந்தவள். ஒரு வீடியோ அனுப்பி, "சறோ, இவனை உனக்குத் தெரியுமல்லோ" என்று எழுதியிருந்தாள்.

சுஜிதன்தான். இந்த முறை அந்தோனியார் கோயில் வாசலில். "இன்னும் எவ்வளவு காலத்துக்கு மற்றவன்ர படலையில நிண்டு தண்ணி கேட்கப் போறம்? எங்கட சனத்துக்கு எங்கட கிணறு வேணும்." பாரிசிலும் பத்தாயிரம் பேர் கண்ணீர் விடுகிறார்கள்.

"எங்கட" இரண்டு வீடியோவிலும் இருக்கிறது. சேட்டும் அதே நீலக் கட்டம் போட்ட சேட்டு. என் கிணற்றடியில் தேத்தண்ணி குடித்துவிட்டு நேரே அங்கே போயிருக்கிறான். உடுப்பை மாற்றுகிற மரியாதைகூட இல்லை.

இரண்டையும் பரராசாவுக்கு அனுப்பினேன். இனி வாய் திறக்கமாட்டான் என்று நம்பி, சீனி போடாத தேத்தண்ணியைக்கூட ரசித்துக் குடித்தேன்.

பதில் வந்தது: "தெரியும் அக்கா. அவன் எங்கட ஆள்தான். அவையைப் பேய்க்காட்டுறான்."

மார்ச் 19, புதன்

ஒழுங்கையில் எமிலியானுசைக் கண்டு, அவருக்கும் இரண்டு வீடியோவையும் காட்டினேன். நிதானமாகப் பார்த்தார்.

"தெரியும் ரீச்சர். பெடியன் எங்களுக்குத்தான் நிக்கிறான். உங்கட ஆக்களைப் பேய்க்காட்டுறான்."

முப்பத்து நான்கு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தேன். பொய்யைக் காட்டினால் சனம் கோபிக்கும் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பொய் என்று தெரிந்தேதான் வாங்குகிறார்கள். மற்றவன்தான் ஏமாறுகிறான் என்கிற சுகத்துக்கு என்ன விலையும் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

மார்ச் 27, வியாழன்

பாரிஸ் காசில் கரைப்பக்கத்தில் புதுக் கிணறு. திறந்து வைத்தது சுஜிதன். மோட்டர் எங்களுடையதைவிடப் பெரிது என்று அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழிக்கிறார்கள். அவனுக்குத் தேர்தல் சின்னமும் கிடைத்துவிட்டது. கேத்தல். தண்ணீர் எங்கிருந்து வந்தாலும் கேத்தலுக்குக் கவலை இல்லை, கொதித்தால் சரி.

புதுக் கிணற்றுக்கும் எங்கள் கிணற்றுக்கும் இடையில் மேலே ஒரு ஒழுங்கை ஓடுகிறது. கீழே ஒழுங்கை இல்லை. ஒரே ஆடை, இரண்டு அகப்பை.

ஏப்ரல் 6, ஞாயிறு

அவர்களுடைய மோட்டர் விடிய முதல் தொடங்குகிறது என்று ஆழ்வாப்பிள்ளை அண்ணை எங்களுடையதை அதற்கும் முந்தித் தொடக்குகிறார். அதைக் கேட்டு அவர்கள் இன்னும் முந்துகிறார்கள். இப்போது மத்தியானத்திலும் இரண்டும் இரைகின்றன. கிணறு இளைப்பாறுவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

"தாங்கி நிறைஞ்சு வழியுது அண்ணை, நிப்பாட்டுங்கோ" என்றேன்.

"நாங்கள் நிப்பாட்டினால் மிச்சத்தை அவங்கள் இழுத்துப்போடுவாங்கள், பிள்ளை."

வழிந்த தண்ணீரில் அவருடைய வாழைகள் மட்டும் சந்தோசமாக நிற்கின்றன.

ஏப்ரல் 14, திங்கள். வருடப் பிறப்பு

தேத்தண்ணி உப்பு.

ஆழ்வாப்பிள்ளை அண்ணையிடம் ஒரு கோப்பை கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுவதையும் குடித்தார். கண்ணைச் சுருக்கினார். "பிரஷர் குளிசை போடுறனீரல்லே, அதுதான் நாக்குக் கெட்டிருக்கு" என்றார். குளிசை போடுவது நான். முகம் கோணியது அவருக்கு.

ஏப்ரல் 20, ஞாயிறு. உயிர்த்த ஞாயிறு

எமிலியானுஸ் பூசைக்குப் போன உடுப்போடு சைக்கிளில் கான்களைக் கட்டிக்கொண்டு சாட்டிப் பக்கம் நல்ல தண்ணீருக்குப் போகிறார். அவர்களுடையதும் உப்புத்தான்.

என் குழாய்த் தண்ணீரில் துவைத்த வெள்ளைச் சேலை கொடியில் காய்ந்து, மடிக்கும்போது கருவாடு மாதிரி மொரமொரக்கிறது. வாழை இலைகளின் ஓரம் கருகத் தொடங்கிவிட்டது.

மே 6, செவ்வாய்

வாக்குப் போட்டேன். யாருக்கு என்று இங்கேகூட எழுதமாட்டேன். கேத்தலுக்கு இல்லை.

மே 7, புதன்

கேத்தல் வென்றுவிட்டது. எங்கள் வட்டாரத்தில் இரண்டு பக்கமும் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். அவனாவது ஒரு விஷயத்தில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கியிருக்கிறான்.

பின்னேரம் நன்றி தெரிவிக்கும் வீடியோ. கிணறுகள் உப்பானதற்குப் பின்னால் "வெளியில இருந்து ஒரு சதி" இருக்கிறதாம், விசாரிக்கக் குழு கேட்பானாம். கடல் எங்களை நாலு பக்கமும் சுற்றிக்கொண்டு நிற்கிறது. அதைத்தான் வெளியார் என்கிறான் போலும். விசாரிக்கட்டும். வாக்குமூலம் கொடுக்க அலை அலையாக வரும்.

மே 17, சனி

பரராசா தண்ணீர் சுத்திகரிக்கிற மெசின் ஒன்றின் படம் அனுப்பியிருக்கிறான். எங்கள் பக்கத்துக்கு மட்டும் என்று சுஜிதன் சொன்னானாம்.

மே 24, சனி

தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் வண்டிக்கு வரிசை. காலை வெயிலில் இரண்டு பக்கமும், இடையில் ஓராள் இடம் விட்டு. மேரிசுகந்தி என்னோடு கதைத்து இரண்டு மாதத்துக்கு மேல். இன்றும் முகத்தை மற்றப் பக்கம் வைத்துக்கொண்டுதான் நின்றாள்.

ஆழ்வாப்பிள்ளை அண்ணை யாரையும் பார்க்காமல் சொன்னார்: "ஒரு மழைக்காலம் வரைக்கும் தொடாமல் விட்டால் கிணறு திரும்பும்."

"நாங்கள் விடுவம் அண்ணை" என்றார் எமிலியானுஸ். "நீங்கள் விடமாட்டியள்."

"முதல் நீர் நிப்பாட்டும்."

"நிப்பாட்டினால் நீங்கள் இழுப்பியள்."

"ஆர் சொன்னது?"

"உங்கட வாழை சொல்லுது."

வரிசையில் இரண்டு பக்கமும் சிரித்தது. ஆழ்வாப்பிள்ளை அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கட மோட்டர் ராப்பகலா இரையுறது எங்களுக்குக் கேக்கேல்லையோ?"

அப்போது மேரிசுகந்தி, முகத்தைத் திருப்பாமலே: "கடலில ரெண்டு பேர் வலைப்பாடு வைக்கிற இடத்துக்குச் சண்டை பிடிச்சால், தீருமட்டும் ரெண்டு பேற்ற வலையையும் கோயிலுக்குள்ள வைச்சுப் பூட்டுறது எங்கட வழக்கம். ரீச்சராக்களின்ர மோட்டரைக் கழட்டி எங்களிட்டத் தரச் சொல்லுங்கோ. பிறகு நம்புறம்."

நக்கலுக்குத்தான் சொன்னாள். கரைப்பக்கம் விசிலடித்தது.

"அப்ப உங்கடயை எங்களிட்டத் தாருங்கோ" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "தந்தால்?" என்றாள்.

மே 25, ஞாயிறு

ஆழ்வாப்பிள்ளை அண்ணை வீட்டுக்குப் போய், மோட்டரைக் கழற்றிக் கொடுப்போமா என்று கேட்டேன். மாட்டேன் என்றார். எங்கள் மோட்டர் வேதக் கோயிலில் கிடப்பதோ என்றார். பரராசா போனில், "காசு நாங்கள் போட்டது, அக்கா, அடகு வைக்கவோ" என்றான்.

"மூண்டில ரெண்டு பங்கு எண்டு ஆரோ சொன்னவை" என்றேன் ஆழ்வாப்பிள்ளை அண்ணையிடம். "நான் ஒண்டு. நீங்கள் சம்மதிச்சால் ரெண்டு. கனடா கைதட்டட்டும்."

பொறுமையாக இரு, அன்பாகச் சொல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே காலம் போனது. அன்பு இன்று கைவரவில்லை. அவருடைய விறாந்தையில் அவருடைய கதிரையில் இருந்துகொண்டு சொன்னேன்: "அண்ணை, உப்புத் தண்ணியைக் குடிச்சிட்டு என்ர நாக்கில பிழை எண்ட ஆள் நீங்கள். இதை அவங்களுக்காகச் செய்யவேண்டாம். வெக்கத்துக்காகவாவது செய்யுங்கோ."

அவர் மனைவி குசினிக்குள்ளிருந்து, "ரீச்சர் சரியாத்தான் சொல்லுறா. இந்த உப்புத் தண்ணியில எனக்குப் பருப்பு அவியுதில்லை" என்றார்.

அதுதான் முடித்து வைத்தது. என் விஞ்ஞானம் இல்லை. பருப்பு.

ஜூன் 8, ஞாயிறு

நடந்துவிட்டது. அந்தோனியார் திருவிழாவுக்கு முதல் முடிக்க வேண்டும் என்று அவர்கள் நாள் சொன்னார்கள். எங்களுடைய மோட்டர் அந்தோனியார் கோயிலின் பொருள் அறைக்குள். அவர்களுடையது எங்கள் பிள்ளையார் கோயில் மடப்பள்ளியின் பின்புறம். ஒவ்வொரு அறைக்கும் மற்றப் பக்கம் பூட்டுப் போட்டது. மாரி வரும்வரை இரண்டு பக்கமும் பவுசர்.

ஆழ்வாப்பிள்ளை அண்ணை, அவர்களின் மோட்டரைக் கோயிலுக்குள் விடுமுன் கிட்டப் போய் முகர்ந்து பார்த்தார். எமிலியானுஸ் பொறுமையாக நின்றார். "மீன் மணக்காது அண்ணை. உப்புத்தான் மணக்கும். உங்கடயும் அப்பிடித்தான் மணக்குது."

சுஜிதன் வெள்ளைச் சேட்டோடு வந்துவிட்டான். இப்போது கௌரவ உறுப்பினர். போனைத் தூக்கி, "உறவுகளே" என்று தொடங்கினான்.

"தம்பி, அதைப் பொக்கற்றில வைச்சிட்டு இந்தப் பக்கத்தைப் பிடியும். கனக்குது" என்றார் எமிலியானுஸ்.

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஆசைப்பட்ட மாதிரியே. வேறு வழியில்லாமல் பிடித்தான். ஒழுங்கை முழுக்கச் சுமந்தான், கிறீஸ் சேட்டெல்லாம் அப்பிக்கொண்டது. யாரும் அதைப் படம் எடுக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

வீடியோ போட்டிருக்கிறான், "எனது முயற்சியில் மலர்ந்த ஒற்றுமை" என்று. பார்த்தவர்கள் நூறு பேரைத் தாண்டவில்லை. சூரிச்சைக் காணோம், லண்டனையும் காணோம். ஒற்றுமைக்கு உலகத்தில் ஆள் சேராது. சண்டைக்குப் பத்தாயிரம்.

ஜூலை 19, சனி

பவுசர் வரவில்லை. இரண்டு பக்கமும் ஒன்றாக நின்று திட்டினோம். மேரிசுகந்தி என் கானைத் தன் கானோடு நிழலுக்குத் தள்ளி வைத்தாள்.

செப்டெம்பர் 4, வியாழன்

புழுக்கம். சுஜிதனின் புதிய விஷயம் தெருநாய்கள். ஊருக்கு வெளியிலிருந்து வந்த நாய்களாம். இந்த முறை இரண்டு பக்கமும் அவனுக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை என்று கேள்வி. நம்ப விருப்பம்தான். அடுத்த தேர்தலுக்குத் தேத்தண்ணி கொடுப்பார்கள், எனக்குத் தெரியும்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

முதல் நல்ல மழை. ஆழ்வாப்பிள்ளை அண்ணை குடையோடு வந்து படலைப் பூட்டைத் திறந்து, பூட்டைத் தன் பொக்கற்றில் போட்டுக்கொண்டு போனார்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்ட நேரம் மேரிசுகந்தியும் எமிலியானுசும் வந்தார்கள். ஆழ்வாப்பிள்ளை அண்ணை வாளி போட்டு அள்ளினார். யார் முதலில் குடிப்பது என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். இவ்வளவு நடந்தபிறகும் மற்றவன் குடிக்கட்டும் என்று பார்க்கிற சனம்.

மேரிசுகந்தி கையில் ஏந்திக் குடித்தாள். வாயில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"எப்பிடி?" என்றேன்.

"ஒரு சொட்டு உப்பு நிக்குது ரீச்சர். சோறு காய்ச்சலாம். தேத்தண்ணிக்கு இன்னும் ஒரு மழை வேணும்." பிறகு என்னைப் பார்த்து: "நீர் பூட்டேல்லை எண்டு எனக்குத் தெரியும். திறக்கவும் இல்லைத்தானே."

சரிக்குச் சரியான ஆளிடம் கதைக்கிற மாதிரி நீர் என்றாள். இருபது வருடமாக "நீங்கள்" என்றவள். "இல்லை" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கானை நிரப்பினாள்.

பொழுதுபட முன் பரராசாவிடமிருந்து ஒரு வரி: "அக்கா, தண்ணி எப்பிடி?" ஆட்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இந்த வருடத்தில் அவன் எழுதிய முதல் புத்தியான வசனம். "சோறு காய்ச்சலாம்" என்று அனுப்பினேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மோட்டர்கள் இன்னும் இரண்டு கோயிலிலும்தான் கிடக்கின்றன. யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

இன்று எழும்பி, விடிந்தும் விடியாமலும் வாளியோடு கிணற்றடிக்குப் போனேன். மழை இல்லை. ஆனால் கிணற்றுக் கயிறு நனைந்திருந்தது. எனக்கு முதலே யாரோ வந்து, கேட்காமல், அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்.